குழாய் இருக்கிறதா: ஆம்

புங்கனேரியில் முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகள். முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டு வாசலிலும் குழாய் இருக்கிறது. முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தூண், அதில் நீல நிறக் குழாய், பளபளவென்று ஒரு திருகு, தூணின் நெற்றியில் திட்டத்தின் பெயர், அதற்குக் கீழே வீட்டு எண். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். தண்ணீர் மட்டும் வராது. குழாய் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு நாள், ஒரு சொட்டு, சத்தியமாக வந்ததில்லை. சில வீடுகளில் அந்தத் தூணில் ஆட்டைக் கட்டுகிறார்கள். ஆடாவது பயன்படுத்திக்கொள்ளட்டும்.

ஊரில் தண்ணீரே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். போர் போட்டால் நாற்பதடியில் தண்ணீர். ஆனால் அறுபது வருஷமாகச் சுற்றுவட்டாரத்தில் தோல் பதனிட்ட உப்பெல்லாம் மண்ணில் இறங்கி அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. குளித்தால் தலைமுடி சிக்குப் பிடிக்கும். பருப்புப் போட்டால் வேகாது. டீ போட்டால் பால் திரிந்துவிடும். அதனால் குடிக்கவும் சமைக்கவும் மூன்று நாளைக்கு ஒரு முறை ஒன்றிய அலுவலகத்திலிருந்து லாரியில் தண்ணீர் வரும். ரஃபி அகமது என்பவர் ஓட்டிக்கொண்டு வருவார். லாரியின் ஹாரன் கேட்டால் ஊரே குடத்தோடு தெருவுக்கு வரும்.

ஜூன் மாதம் முதல் வாரம் அந்த லாரி வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. ஊராட்சித் தலைவர் மேகலா ரஃபிக்குப் போன் போட்டாள்.

"நான் இன்னா பண்ணட்டும்க்கா?" என்றார் ரஃபி. "லிஸ்ட்ல உங்க ஊரு பேரையே எடுத்துட்டாங்க. உங்களுக்கு வீட்டுக்கு வீடு தண்ணி வந்துடுச்சாமே."

மேகலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட வருஷம் நின்று ஜெயித்தவள். அதற்கு முன்னால் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷம் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்து முடித்த ஷூ கைக்கு வந்தால் உள்ளும் வெளியும் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடது காலும் வலது காலும் ஒரே நிறமா என்று பார்க்க வேண்டும். குறை எங்கே இருக்கிறதோ அங்கே நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும், அதற்குப் பிறகு மேனேஜரே வந்து நின்றாலும் அந்த ஜோடியைப் பெட்டியில் போட முடியாது. மாதச் சம்பளக்காரிக்கு அவ்வளவு அதிகாரம். ஓட்டு வாங்கி ஜெயித்துத் தலைவரான பிறகு அதில் பாதிகூட அவளுக்கு வாய்க்கவில்லை.

பதவி ஏற்ற புதிதில் தலைவர்களுக்கெல்லாம் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். சாப்பாடு போட்டு ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். ஊராட்சிகளிடம் ஒப்படைக்க வேண்டியவை என்று அரசியல் சட்டத்திலேயே இருபத்தொன்பது துறைகள் எழுதியிருப்பதாக அதில் போட்டிருந்தது. பதினோராவது குடிநீர். மேகலா அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டு வைத்தாள். பாவம், நம்பிவிட்டாள்.

ரஃபியிடம் பேசிவிட்டு அவள் நேரே ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஊராட்சிகளைக் கவனிக்கும் பி.டி.ஓ. செல்வகுமார் உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். லாரியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதும் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். புங்கனேரி என்ற பெயர் பச்சை நிறத்தில் இருந்தது. அதன் எதிரே, அனைத்து வீடுகளுக்கும் குடிநீர், சான்றளிக்கப்பட்டது.

"பச்சை ஆயிட்ட ஊருக்கு நான் லாரி அனுப்புனா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க, தலைவரே."

"எங்க ஊருக்குத் தண்ணி வருதுன்னு யாரு சார் சான்று குடுத்தது?"

"நீங்கதான்."

அவர் ஒன்றை அழுத்தினார். கிராம சபைத் தீர்மானத்தின் நகல் வந்தது. 'இவ்வூராட்சியில் உள்ள அனைத்து வீடுகளுக்கும் குழாய் மூலம் பாதுகாப்பான குடிநீர் நாள்தோறும் போதிய அளவில் வழங்கப்பட்டு வருகிறது என்று இக்கிராம சபை மனநிறைவுடன் சான்றளித்து ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.' கீழே நூற்று அறுபத்து நாலு கையெழுத்து. அஃப்ஸர் ஜஹானின் உருதுக் கையெழுத்து, பாரதியின் கோணல் கையெழுத்து, கிறிஸ்டினா எப்போதும் பெயருக்கு அடியில் இழுக்கும் இரட்டைக் கோடு. கடைசியில் ஊராட்சியின் முத்திரை, முத்திரைக்கு மேல் மேகலாவின் கையெழுத்து. போலி இல்லை. அவளே போட்டது.

மேகலா காபியைத் தள்ளி வைத்தாள். 'மனநிறைவுடன்' என்ற அந்த ஒரு வார்த்தை அவளைப் பிடித்து உலுக்கியது. தண்ணீர் வருகிறது என்று பொய் எழுதியதோடு விட்டிருக்கலாம். தாகத்தில் நிற்கிறவர்கள் மனம் நிறைந்து நிற்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

எப்போது போட்ட கையெழுத்து என்று அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மார்ச் மாதம், உலகத் தண்ணீர் தினத்துக்காக வைத்த கிராம சபை. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் வைக்கும் சபைக்குக் கம்பெனிகள் லீவு. தண்ணீர் தினத்துக்கு யார் லீவு விடுவார்கள்? ஊரில் பாதிப் பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். பதினோரு மணிக்குச் சபை என்றால் அவர்கள் தையல் லைனில் இருப்பார்கள். கையெழுத்துக் குறைந்தால் சபை செல்லாது. அதனால் புங்கனேரியில் ரொம்ப நாளாக ஒரு வழக்கம் உண்டு. காலை ஆறரை மணிக்கு ஊராட்சிச் செயலர் காசிநாதன் தீர்மான நோட்டைக் கம்பெனி பஸ் வரும் இடத்துக்கே எடுத்து வந்துவிடுவார். பெண்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். கம்பெனி வாசலில் தினமும் செய்வதுதானே, முதலில் வருகைக் கையெழுத்து, பிறகு வேலை. அதில் தப்பு இருப்பதாக ஒருத்திக்கும் தோன்றவில்லை. தலைவராவதற்கு முன்னால் மேகலாவும் அப்படித்தான் போட்டவள். தலைவரான பிறகு நோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, சீக்கிரம், பஸ் வந்துடுச்சு, என்று அவசரப்படுத்தியவளும் அவள்தான்.

அன்று பதினோரு மணிக்கு இருபது பேரோடு சபை நடந்தது. தெருவிளக்கு, கால்வாய் அடைப்பு, நாய்த் தொல்லை என்று பேசினார்கள். கடைசியில் அவள் கையெழுத்துப் போடும்போது நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. எழுதிக்கொள்கிறேன் என்றார் காசிநாதன். சரி என்று போட்டாள். பதினான்கு வருஷத்தில் ஒரு ஷூவைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் அனுப்பாதவள் ஊரையே திருப்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் யாரை அறைவது என்று தெரியாமல் தன் தொடையிலேயே தட்டிக்கொண்டாள்.

காசிநாதன் மறைக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"மேலேர்ந்து வாட்ஸ்அப்புல வந்துச்சு தலைவரே. வாசகம்கூட அவங்களே அனுப்புனாங்க. ஊரு பேருக்கு மட்டும் கோடு போட்டு வுட்டிருந்தாங்க. சாயங்காலத்துக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னாங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தான்."

மேகலா அன்றிலிருந்து அலைய ஆரம்பித்தாள். அந்த அலைச்சலை முழுக்கச் சொன்னால் கேட்கிறவருக்கே நாக்கு வறண்டுவிடும். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், காவிரித் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. அதில் புங்கனேரியை இணைக்க அறுபது மீட்டர் குழாய் சாலைக்கு அடியில் போக வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. வீட்டுக் குழாய் மத்திய அரசின் திட்டம். காவிரித் தண்ணீர் மாநில அரசின் கையில். மாநிலத்தின் குடிநீர் அலுவலகத்தில் கேட்டாள். எங்களிடம் தண்ணீர் தயார், சாலையைத் துளைக்க அனுமதி வந்தால் நாளைக்கே இணைத்துவிடுவோம் என்றார்கள். சாலையோ தேசிய நெடுஞ்சாலை, அது டெல்லியுடையது. சாலை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, பட்டியலில் உங்கள் ஊருக்கு ஏற்கெனவே தண்ணீர் வருகிறது என்று இருக்கிறதே, பிறகு எதற்கு எங்கள் சாலையைத் துளைக்க வேண்டும் என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

பொய்ச் சான்று லாரியை நிறுத்தியதோடு நிற்கவில்லை. வரவேண்டிய குழாயையும் வரவிடாமல் அடைத்துவிட்டது. திங்கள்கிழமை மனு நாளில் இரண்டு முறை வரிசையில் நின்றாள். பட்டியல் டெல்லியில் இருக்கிறது, நாங்கள் திருத்த முடியாது என்று கையை விரித்தார்கள். டெல்லியின் இலவச எண்ணுக்குப் போன் செய்தாள். சான்று கொடுத்தது உங்கள் ஊராட்சிதான், எனவே உங்கள் ஊராட்சியை அணுகவும் என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது. ஊராட்சி அவள்தான். தன்னைத் தானே எப்படி அணுகுவது?

இதற்கிடையில் ஊர் கேன் தண்ணீருக்கு மாறியிருந்தது. வாங்க முடியாதவர்கள் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். காய்ச்சினால் உப்பு போகுமா? மேகலாவின் கணவன் பெருமாளை அவன் வேலை செய்யும் தோல் ஷாப்பில், இன்னா தலைவர் வூட்டுக்காரரே, காவிரியில குளிச்சிட்டு வர்றியா, என்று ஓட்டினார்கள். அவன் சிரித்துவிட்டு வந்து வீட்டில் பேசாமல் படுத்தான். மேகலாவோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போன பெண்களே இப்போது அவளைப் பார்த்தால் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்கள்.

ஆகஸ்டு பதினைந்து, கம்பெனிக்கு லீவு. கிராம சபைக்கு ஊரே வந்தது. மேகலா எழுந்து நின்று, மார்ச் மாதத் தீர்மானத்தை அந்த 'மனநிறைவுடன்' உட்பட ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிறகு, இதில் நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், உங்களையும் போட வைத்தேன், தப்பு என்னுடையது என்று சொன்னாள். யாரும் அவளைத் தேற்றவில்லை.  பிறகு கொடுத்த சான்றைத் திரும்பப் பெறுவதாகத் தீர்மானம் எழுதினார்கள். காசிநாதன் எழுத எழுத நாலாவது வார்டு உறுப்பினர் அஃப்ஸர் ஜஹான் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தாள். இருநூற்றுப் பத்துப் பேர் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் காசிநாதன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் மேகலாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"ஆமான்னு சொல்றதுக்குத்தான் பட்டன் கீது தலைவரே. இல்லன்னு சொல்றதுக்கு எங்கயும் வைக்கல."

இதைத்தான் ஊருக்குக் கொடுத்த அதிகாரம் என்கிறார்கள். இருபத்தொன்பது துறை, மூன்று நாள் பயிற்சி, சாப்பாடு, புத்தகம், எல்லாம் கடைசியில் 'ஆம்' என்று ஒரு பொத்தானை அழுத்துவதற்கு. அழுத்தும் வரை கெஞ்சுவார்கள். அழுத்திய பிறகு, நீதானே அழுத்தினாய் என்பார்கள்.

செப்டம்பரில் பி.டி.ஓ. செல்வகுமார் தானே போன் செய்தார். குரலில் தேன் வழிந்தது. புங்கனேரி முன்மாதிரி ஊராட்சியாகத் தேர்வாகியிருக்கிறதாம். டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்த்துப் படம் எடுக்க வருகிறாராம். அன்று காலை மூன்று லாரித் தண்ணீர் கொண்டுவந்து திட்டத்துக்காகக் கட்டிய மேல்நிலைத் தொட்டியில் ஊற்றிவிடுவார்களாம். இரண்டு மணி நேரம் எல்லாக் குழாயிலும் தண்ணீர் கொட்டும். அதிகாரி படிவத்தில் தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. மறுநாளிலிருந்து பழையபடி லாரி வாய்மொழி உத்தரவில் வரும், எழுத்தில் எதுவும் வேண்டாம் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, சான்று கொடுத்துவிட்டு இல்லை என்று தீர்மானம் போடுவதெல்லாம் மேலே நல்லபடியாகப் பார்க்கப்படவில்லை, ஊராட்சிச் சட்டத்தில் இருநூற்று ஐந்தாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, தலைவரையே பதவியிலிருந்து நீக்கலாம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

போனை வைத்துவிட்டு மேகலா அஃப்ஸர் ஜஹான் வீட்டுக்குப் போனாள். அஃப்ஸர் ஜஹான் அவளோடு அதே செக்கிங் மேசையில் எதிரும் புதிருமாக நின்றவள், இப்போதும் நிற்கிறவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் யோசிக்கவே இல்லை.

"கையெழுத்துப் போட்டுடு. மூணு மாசமா கேன் வாங்கி வாங்கி பேஜாரா போச்சு. லாரி வரட்டும் மேகலா. ரோஷத்தை அப்பறம் பாத்துக்கலாம்."

"வாயால அனுப்பறவரு வாயாலயே நிறுத்துவாரு. நாளைக்கு வேற பி.டி.ஓ. வந்தா யார்கிட்ட போய் நிப்ப? இன்னொரு கையெழுத்தும் போட்டுட்டா அந்த ரோட்டை எவனும் தோண்ட மாட்டான். நம்ம பசங்க காலத்துக்கும் லாரிதான்."

"அப்ப லாரியும் வேணாம்ன்றியா?"

"வர்ற லாரித் தண்ணிய வேணாம்னு சொல்லல. கையெழுத்துதான் வேணாம்" என்றாள் மேகலா.

மறுநாள் இரண்டு பேரும் ஆம்பூர் பஜாரில் ஷூ சாமான் விற்கும் கடைக்குப் போய்ச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு கட்டு வாங்கி வந்தார்கள்.

அதிகாரி வரும் நாள் காலை ஆறு மணிக்கே மூன்று லாரியும் தொட்டியடியில் வந்து நின்றன. முதல் லாரியில் ரஃபி. மூன்று மாதம் கழித்து அந்த ஹாரன் கேட்டதும் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்கள் தலையில் பாதிப் பூவோடு ஓடி வந்தார்கள். தொட்டியில் ஏற்றும் குழாயின் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி மேகலாவின் இடுப்பில் இருந்தது. யோசித்துப் பார்த்தால் இருபத்தொன்பது துறையில் அவள் கைக்கு உண்மையாக வந்து சேர்ந்தது அந்தச் சாவி ஒன்றுதான்.

"தொட்டியில ஊத்தச் சொல்லித்தான்க்கா எனக்கு ஆர்டரு" என்றார் ரஃபி.

"தொட்டி ஊராட்சியோடது. பூட்டும் ஊராட்சியோடது. தொறக்க மாட்டேன்."

"அப்ப தண்ணிய திருப்பி எடுத்துனு போவட்டுமா?"

"எதுக்கு? புங்கனேரிக்குன்னு வந்த தண்ணி. ஜனங்களுக்கு ஊத்து."

ரஃபி அவளையும் பார்த்தார், வரிசையில் நின்ற குடங்களையும் பார்த்தார். பிறகு குழாயைக் கீழே இறக்கினார். மற்ற இரண்டு டிரைவர்களும் அவர் செய்ததையே செய்தார்கள். ஏழு மணிக்குள் மூன்று லாரியும் காலி. குடம், அண்டா, டிரம், சோறு வடிக்கிற பானை, பக்ரீத்துக்கு மட்டும் இறக்கும் பிரியாணி டேக்சா வரை நிரம்பிவிட்டது. அன்றைக்குப் புங்கனேரியில் பருப்பு வெந்தது.

ஒன்பது மணிக்கு வந்த பி.டி.ஓ., காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு வேர்த்துப்போனார். மேகலாவைத் தனியே கூப்பிட்டு, என்ன காரியம் செய்திருக்கிறீர்கள், என்னைப் பந்தாடிவிடுவார்கள் என்றார். மூன்று மாதமாக எங்களைப் பந்தாடினீர்களே என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் டெல்லி அதிகாரியின் கார் வந்துவிட்டது.

முப்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். இந்திதான் பேசினார். இங்கிலீஷில் பேசி, தானே மொழிபெயர்த்து, சமாளித்துவிடலாம் என்று பி.டி.ஓ. நினைத்திருந்தார் போலும். ஆம்பூர்ப் பக்கத்தில் அந்தக் கணக்கு எடுபடுமா? சம்பளத்தை விட்டு லீவு போட்டுவிட்டு வந்திருந்த அஃப்ஸர் ஜஹான், தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் பேசும் உருதுவில் நேரே அவரிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். அந்த மனிதருக்கு முகம் மலர்ந்தது. பி.டி.ஓ.வுக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி முதல் வீட்டுக் குழாய்க்குப் போனார். குழாயின் வாயைச் சுட்டிக்கொண்டு ஒரு சிவப்பு அம்புக்குறி. திருகினார், காற்றுகூட வரவில்லை. இரண்டாவது வீட்டிலும் அம்புக்குறி. தெரு முழுவதும், கண்ணுக்கு எட்டிய வரை ஒவ்வொரு குழாயிலும் அம்புக்குறி. இது என்ன என்று கேட்டார். எங்கள் கம்பெனியில் குறையுள்ள சாமானுக்கு இதைத்தான் ஒட்டுவோம், இது ஒட்டியதைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது என்று அஃப்ஸர் ஜஹான் விளக்கினாள். சாலை அலுவலகத்திலும் போனிலும் மேகலாவுக்குக் கிடைத்த பதில்களை எல்லாம் அவள் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டார். வருத்தப்படவும் செய்தார். பிறகு கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்து முதல் குழாயைப் படம் பிடித்தார்.

திரையில் வந்த கேள்வியை அவர் வாய்விட்டுப் படித்தார், அஃப்ஸர் ஜஹான் அதைத் தமிழில் சொன்னாள். குழாய் இருக்கிறதா? ஆம், இல்லை.

அவர் 'ஆம்' என்பதைத் தொட்டார்.

மேகலாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. தண்ணீர் வருகிறதா என்று ஏன் கேட்கவில்லை, கேள் அந்த ஆளை என்று அஃப்ஸர் ஜஹானிடம் சொன்னாள். கேட்டதற்கு அவர் சங்கடத்தோடுதான் பதில் சொன்னார். அந்தக் கேள்வி இதில் இல்லை. குழாய் மத்திய அரசினுடையது, அது இருக்கிறதா என்றுதான் நான் பார்க்க முடியும். தண்ணீர் மாநிலத்தின் பொறுப்பு. அஃப்ஸர் ஜஹான் இதைத் தமிழில் சொன்னதும் பி.டி.ஓ. விடவில்லை. மாநிலத்திடம் தண்ணீர் தயாராக இருக்கிறது, குறுக்கே கிடக்கும் சாலைதான் மத்திய அரசினுடையது என்றார். சான்றளித்தது ஊராட்சி என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"சார்" என்றாள் மேகலா, பி.டி.ஓ.வைப் பார்த்து. தமிழில்தான் சொன்னாள், அஃப்ஸர் ஜஹான் சொல்லுக்குச் சொல் அப்படியே உருதுவில் சொன்னாள். "குழாய் அவங்களோடது. தண்ணி உங்களோடது. ரோடும் அவங்களோடது. அப்ப தாகம் மட்டும்தான் எங்ககிட்ட ஒப்படைச்ச துறையா?"

 அதிகாரி மெதுவாகப் பையிலிருந்து படிவத்தை எடுத்து, தலைவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வை முடிக்க முடியாது என்று சொல்லி நீட்டினார். குரலில் கட்டாயம் இல்லை. மேகலாவுக்கு அதைக் கவனிக்கும் நிலை இல்லை. படிவத்தை வாங்கினாள். முன்பக்கம் படித்தாள், திருப்பிப் பின்பக்கம் படித்தாள். இங்கிலீஷில் இருந்த இடங்களைக் காசிநாதனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. பி.டி.ஓ. இரண்டு முறை வாட்சைப் பார்த்தார். பிறகு அவள் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: குழாய் இருக்கிறது. தண்ணீர் இல்லை. நாங்கள் மனநிறைவுடன் இல்லை. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, ஊராட்சி முத்திரையையும் குத்தினாள்.

அந்தப் படிவத்தை அவரால் ஏற்ற முடியவில்லை. ஏற்றாமல் ஆய்வை முடிக்கவும் முடியவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு குழாய்களையும் அம்புக்குறியோடு படம் எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துப் பட்டியலில் புங்கனேரி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. இல்லை என்று போட இப்போதும் அதில் இடம் கிடையாது, 'நிலுவையில்' என்று போட்டிருந்தார்கள். நிலுவையில் உள்ள ஊருக்கு லாரி அனுப்பலாமாம். அக்டோபர் கடைசியில் ஒரு காலை ரஃபியின் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அதே காலையில் தபாலில் மேகலாவுக்கு நோட்டீசும் வந்தது. அரசுத் திட்ட ஆய்வுக்கு இடையூறு செய்ததற்காகவும், தொட்டிக்கு அனுப்பிய நீரை முறைகேடாக வினியோகித்ததற்காகவும் உங்களை ஏன் பதவி நீக்கம் செய்யக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள். லாரியை நிறுத்தியவருக்கு நோட்டீஸ் இல்லை. பொய்யை வாட்ஸ்அப்பில் அனுப்பியவருக்கு இல்லை. தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தவளுக்கு நோட்டீஸ். மேகலா முதலில் குடத்தை நிரப்பி உள்ளே வைத்துவிட்டு வந்து அதைப் படித்தாள்.  இரண்டு பக்கமும் படித்து முடித்தாள்.

நவம்பர் முதல் தேதி உள்ளாட்சி தினம். அதற்கும் ஒரு கிராம சபை, அதற்கும் கம்பெனி லீவு கிடையாது. காலை ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குக் காசிநாதன் பழக்க தோஷத்தில் நோட்டோடு வந்துவிட்டார். விளக்கம் எழுதிய காகிதத்தைத் தபாலில் சேர்க்க ஆம்பூருக்குக் கிளம்பிய மேகலாவும் அங்கேதான் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அஃப்ஸர் ஜஹான் நோட்டை வாங்கினாள். பக்கத்தைப் பார்த்தாள், காலி. திருப்பினாள், அடுத்த பக்கமும் காலி. பின்னால் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஒருத்தியும் ஏறவில்லை.

அஃப்ஸர் ஜஹான் கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறியை எடுத்து அந்த வெற்றுப் பக்கத்தின் நடுவில் ஒட்டி, நோட்டை மூடிக் காசிநாதன் கையில் கொடுத்தாள்.

"எழுதி எடுத்துனு வாங்க. நாங்க சாயங்காலம் வந்து படிச்சிட்டுப் போடறோம்."

அதற்குப் பிறகுதான் பெண்கள் ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறினார்கள்.